மருமவனே, டி.சி.ய மறந்துட்டியே!

வா மருமவனே. தாயி, நீயும் வா. செருப்ப அங்கனயே போடுங்க, நாய் தூக்கிட்டுப் போவாது. அதுக்கும் என் வயசுதான். கோயில் கொடைக்கு வந்திருக்கிய, ரொம்ப சந்தோசம். ஆனா வெள்ளிக்கெழம கொடைக்கு, செவ்வாக்கெழம காலையிலயே ஏழு வயசுப் பயலக் கூட்டிட்டு வந்து எறங்கினிய பாரு, அப்பவே எனக்கு மூக்குல வேர்த்துட்டு. உங்க அத்த ஆட்டுக்கல்லுப் பக்கத்துல நின்னு கேட்டா, "பயலுக்கு லீவா?" நீ அவகிட்ட என்னமோ இங்கிலீசுல சொன்ன. அவ நேரா என்கிட்ட வந்து, "ஏங்க, நம்ம புள்ளையப் பள்ளிக்கூடத்துல இருந்து தொரத்திட்டாவளாம்"ன்னு முந்தானைய எடுத்துட்டா.

நாந்தான் தேத்தினேன். "தொரத்தலட்டீ, இவுகளே நிப்பாட்டிட்டாவ. வீட்டுலயே பள்ளிக்கூடமாம்." அவ மூக்கச் சிந்திக்கிட்டுக் கேட்டா: "அப்ப நாம நாலு புள்ளைய இந்த வீட்டுல வச்சு வளத்தமே, இது என்ன லாட்ஜா?"

அதுக்குப் பதில் உன்கிட்ட இருந்தா ராத்திரி அவகிட்டச் சொல்லிக்கோ. என்கிட்ட நீ கேட்டது வேற கேள்வி. "மாமா, இது சட்டப்படி சரிதானா?" பத்து மாசம் யோசிச்சு, நாலு வாட்ஸப் குரூப்புல சேந்து, புள்ளைய நிப்பாட்டி மூணு வாரம் ஆன பொறவு கேக்க பாரு, அதான் எனக்குப் புடிச்சிருக்கு. தாலியக் கட்டிட்டுப் பொருத்தம் பாக்க வந்தவன் மாதிரி.

நான் எட்டாப்பு. ஆனா 36 வருசம் தாலுகா ஆபீசு வாசல்ல, புங்கமரத்தடியில, ஒரு ஸ்டூலும் ஒரு பலகையுமா மனு எழுதி வயித்தக் கழுவினவன். சட்டப் புஸ்தகம் வக்கீலுக்குத் தெரியும். எந்தக் காயிதம் இல்லாம எந்த மனுசன் எந்தக் கதவு முன்னால நின்னு அழுவான்ங்கது மனு எழுதுதவனுக்குத்தான் தெரியும். அந்த வகையில கேளு.

நம்ம ஊரு சட்டம், பொண்ணு பாக்க வந்த எடத்துல மூத்த சம்பந்தி உக்காந்திருக்க மாதிரி. வெத்தலைய அதக்கிக்கிட்டு "ம்"ங்கும். சம்மதமா, இல்லையான்னு நீ வீட்டுக்குப் போயி யோசிச்சுக்க வேண்டியதுதான். 2002ல அரசியல் சட்டத்தத் திருத்தி 21ஏ-ன்னு ஒரு பிரிவச் சேத்தாவ. 6 வயசுல இருந்து 14 வரைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி, அது புள்ளையோட அடிப்படை உரிமை. அத நடத்திக் காட்ட 2009ல கல்வி உரிமைச் சட்டம் வந்து, 2010 ஏப்ரல் 1ல அமலாச்சு. அதுல 10வது பிரிவு உனக்கானது. பெத்தவன் தன் புள்ளைய அக்கம்பக்கத்துப் பள்ளியில சேக்கணும், அது அவன் கடமைங்கு. படிக்க வைக்கணும்னு மட்டும் எழுதியிருந்தா நீ தப்பிச்ச. பள்ளியிலன்னு எழுதிப்பிட்டான்.

இங்கிலாந்துக்காரன் 1996 கல்விச் சட்டத்துல 7வது பிரிவுல ஒரு சின்னக் கதவு வச்சிருக்கான். புள்ளைக்குத் தக்க கல்விய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியோ, இல்ல வேற வழியிலயோ குடுக்கணும்னு எழுதியிருக்கான். அந்த ஊரு வீட்டுப் பள்ளிக்கூடம் பூராவும் அந்த "வேற வழி"ங்க சொல்லு மேலதான் நிக்குது. ஜெர்மன்காரன் நேர் எதுத்தாப்புல. புள்ள பள்ளிக்கூடத்துக்குப் போயித்தான் ஆகணும், மறுபேச்சே கெடையாது. நம்ம ஆளு என்ன செஞ்சான்? கடமைன்னு கொட்ட எழுத்துல எழுதினான். அந்தக் கடமையச் செய்யாத அப்பனுக்கு என்ன தண்டனைன்னு எழுத வேண்டிய எடம் வந்ததும் பேனாவ மூடிச் சட்டப்பையில சொருகிக்கிட்டான். அந்தச் சட்டத்துல பெத்தவனுக்கு அபராதமும் கெடையாது, கம்பி எண்ணுத சோலியும் கெடையாது.

பாரு, அதச் சொன்ன ஒடனே ஒன் மொகம் எப்படி மலருதுன்னு! கொஞ்சம் பொறு. எங்க திண்ணையில நீ படுத்துத் தூங்கினா யாரும் எழுப்ப மாட்டாவ. அதுக்காவ திண்ணை உன் பேருக்குப் பட்டா ஆயிருமா?

இன்னொண்ணும் நீ கையில வச்சிருக்க, தெரியும். டெல்லி ஐகோர்ட்டுல நடந்த வழக்கு. 2012ல மத்திய அரசு அங்க ஒரு பிரமாணப் பத்திரம் குடுத்துச்சு. தானா விரும்பி வீட்டுல படிக்க வைக்கிறவங்க வைக்கலாம், இந்தச் சட்டம் அதுக்குக் குறுக்க நிக்காதுன்னு. உங்க குரூப்புல அத ஒருத்தன் நூறு தடவ அனுப்பியிருப்பான். மருமவனே, நான் எழுதின மனுவுக்கெல்லாம் பதிலா எத்தன பிரமாணப் பத்திரம் பாத்திருப்பேன்! அது அரசாங்கம் ஒரு வழக்குல சொன்ன பேச்சு. தீர்ப்பும் இல்ல, சட்டமும் இல்ல. சட்டைப் பையில மடிச்சு வச்சுக்கோ, மழைக்கு ஒதுங்க ஆகும். அது மேல வீடு கட்டிராத.

சட்டமே வாயத் தெறந்து, வீட்டுல வச்சே படிக்கலாம்னு சொன்னது ஒரு வகைப் புள்ளைகளுக்கு மட்டுந்தான். ஒடம்புலயோ அறிவுலயோ கடுமையான குறை இருக்க புள்ளைக்கு, 2012ல வந்த திருத்தத்துல வீட்டுலயே கல்வி கேட்டு வாங்குத உரிமை இருக்கு. மேலத் தெரு கோமதி பேரன் அப்படித்தான். அந்த விசயத்துல நான் கேலி பேச மாட்டேன். உன் பயலுக்கு அது பொருந்தாது. அவன் எங்க மாட்டுத் தொட்டியில எறங்கி நீச்சல் அடிக்கிறத இப்பத்தான் பாத்துட்டு வாரேன்.

சரி. இப்ப நீ ஊரு திரும்பி வீட்டுல பள்ளிக்கூடம் நடத்துத. ஒரு நாளு கதவு தட்டுற சத்தம் கேக்கும். போலீசுன்னு பயந்துராத. வாரது ஒரு டீச்சரா இருக்கும். கோடையில, தலையில முந்தானையப் போட்டுக்கிட்டு, கக்கத்துல நீட்டு நோட்டோட. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. தெருத் தெருவா வருவாவ. உன் பய எமிஸ் நம்பரு, அதான் பள்ளிக்கல்வித் துறைப் பதிவு நம்பரு, அந்தம்மா போன்ல இருக்கும். தொடந்து வரலைன்னா அவன் பேரு இடைநின்னவன் பட்டியலுக்குப் போயிரும். செங்கச் சூளையில கல்லு சொமக்கிற புள்ள பேருக்கு அடுத்த வரி, உன் பய பேரு. "மேடம், நாங்க அந்த வகை இல்ல"ம்ப நீ. நோட்டுல வகைக்கெல்லாம் கட்டம் கெடையாது மருமவனே. போறான், போகல, ரெண்டே கட்டந்தான்.

அப்ப என்ன செய்ய? சட்டப் புஸ்தகத்த எடுக்காத, மோர எடு. வெயில்ல வந்த மனுசி. ஒக்கார வச்சு, உப்புப் போட்ட மோரு ஒரு சொம்பு குடு. பொறவு ஒரு நோட்ட எடுத்து முன்னால வையி. அதுல தேதி போட்டு, இன்னைக்குப் புள்ள என்ன படிச்சான், எத்தன கணக்குப் போட்டான், எந்தப் புஸ்தகம் வாசிச்சான்னு எழுதியிருக்கணும். அவன் கைப்பட எழுதின தாளு, வரஞ்ச படம், தடுப்பூசி அட்ட, பிறப்புச் சான்று, ஆதார் நகல் எல்லாம் ஒரே பைலுல. அந்தம்மா அதப் பாத்து உனக்கு அனுமதி தர மாட்டாவ; தர அதிகாரமும் இல்ல. ஆனா மேல வட்டாரக் கல்வி அலுவலரு கேட்டா, "புள்ள நல்லா இருக்கான், படிக்கான், வேலைக்குப் போகல"ன்னு சொல்ல அந்தம்மாவுக்குக் கண்ணு கண்ட சாட்சி கெடைக்கும். கோர்ட்டுல பேசுற தீர்ப்ப விட ஆபீசுல பேசுற அந்த ஒரு வார்த்தைக்கு வெல கூட. நீ மட்டும் "எங்க உரிமை"ன்னு ஆரம்பிச்சியோ, அந்தம்மா மோரக் கீழ வச்சிட்டுப் பேனாவ எடுத்துருவாவ.

இப்ப முக்கியமான கேள்வி. டி.சி. வாங்கினியா?

ரெண்டு பேரும் மொகத்த மொகம் பாக்கிய. தெரியும். பீசக் கட்டல, பயல அனுப்பல, அவ்வளவுதான். கல்யாண வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் பந்தியில இருந்து எந்திரிச்ச மாதிரி வந்துட்டிய. டி.சி. வாங்காதவன் பேரு பழைய பள்ளிக்கூடத்துலயே கெடக்கும். வாங்கிட்டா எமிஸ்ல காமன் பூலுங்க பொதுப் பட்டியலுக்கு வந்துரும், நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடமும் அங்க இருந்து எடுத்துக்கிடலாம். பீசு பாக்கின்னு தர மாட்டங்கானா? 2024ல நம்ம சென்னை ஐகோர்ட்டுச் சொல்லிட்டு: டி.சி. புள்ளையோட காயிதம், பீசு வசூல் பண்ணுத கருவி இல்ல, அதுல பாக்கின்னும் எழுதக் கூடாது. ஆனா பாக்கி உண்மையா இருந்தா கட்டிப்போடு. கோர்ட்டு டி.சி.யத்தான் விடச் சொல்லிச்சு, உன் கடன இல்ல.

புள்ளைக்கு நாளைக்கு ஒரு சான்று வேணும்லா? அதுக்கு வழி நாலு இருக்கு.

மொத வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. வாய் நெறையச் சொல்ல முடியலைன்னா என்.ஐ.ஓ.எஸ். 1989ல ஆரம்பிச்சது, மத்திய அரசு அமைப்பு. சின்னப் புள்ளைகளுக்கு அடிப்படைக் கல்வின்னு ஏ, பி, சி மூணு படி இருக்கு. 3, 5, 8 வகுப்புக்குச் சமம். பத்தாப்பு எழுத 14 வயசு நெறஞ்சிருக்கணும். எட்டாப்பு சான்று இல்லைன்னாலும், பத்தாப்பு படிக்கத் தகுதி இருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கலாம். 5 பாடம் தேறணும், அதுல ஒண்ணாவது மொழி. நம்ம தமிழும் இருக்கு. படம் வரையிறதும் ஒரு பாடம், கம்ப்யூட்டர்ல டேட்டா ஏத்துறதும் ஒரு பாடம். ஒரு தடவ பதிஞ்சா 5 வருசத்துக்குச் செல்லும், 9 தடவ பரீட்ச எழுதலாம். வருசத்துல ரெண்டு பருவம்: ஏப்ரல்-மே ஒண்ணு, அக்டோபர்-நவம்பர் ஒண்ணு. இந்தச் சலுகையெல்லாம் எங்க காலத்துல இருந்திருந்தா நானும் எட்டாப்போட நின்னிருக்க மாட்டேன். ஒம்பதாப்பு வரைக்கும் போயிருப்பேன்.

"டாக்டருக்குப் படிக்க முடியுமா மாமா?" தாயி, நீ கேக்கணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். ஏழு வயசுல பரீட்சையே வேண்டாம்னு நிப்பாட்டின புள்ளைக்கு, பதினெட்டு வயசுல நீட்டு. நல்லது. திறந்தநிலைப் பள்ளியில படிச்சவன் நீட்டு எழுதக் கூடாதுன்னு முன்னால ஒரு தடை வச்சிருந்தாவ. 2018ல டெல்லி ஐகோர்ட்டு அத ரத்து பண்ணிச்சு. 2024ல அது சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி, என்.ஐ.ஓ.எஸ். மாதிரி அங்கீகாரம் உள்ள திறந்தநிலைப் பள்ளிப் புள்ளைகளுக்கு வழி தெளிஞ்சிட்டு. வேற படிப்பு, வேற வேலைன்னா, அந்த அறிவிப்புல சமமான தகுதின்னு என்ன போட்டிருக்குன்னு வரி வரியா வாசி. அறிவிப்புல கடேசிப் பக்கம், சின்ன எழுத்து, அங்கதான் வில்லங்கம் படுத்திருக்கும். நான் அந்தச் சின்ன எழுத்த வாசிச்சுச் சொல்லியே ஒரு ஓட்டு வீடு கட்டியிருக்கேன்.

ரெண்டாவது வழி, நம்ம மாநிலத்துத் தனித்தேர்வரு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துது. 12½ வயசு முடிஞ்சா எட்டாப்புத் தனித்தேர்வு எழுதலாம். அந்தச் சான்று கையில இருந்தா, 14½ வயசுல பத்தாப்பு நேரடித் தனித்தேர்வரு. விண்ணப்பத்துக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் சேவை மையம் இருக்கு. தேதிய விட்டுட்டா தட்கல், அதுக்குத் தனித் துட்டு. இதுல ஒரு கொக்கி இருக்கு, நல்லாக் கேட்டுக்கோ. அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே பேரு பதிஞ்சு, அவங்க ஒதுக்குத பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போகணும். 80 சதவீதம் வருகை வேணும். ஆக, பள்ளிக்கூடமே வேண்டாம்னு ஓடினவனும், பிப்பெட்டப் புடிக்க அந்த வாசப்படி ஏறித்தான் ஆகணும்.

மூணாவது, வெளிநாட்டுப் பரீட்ச. கேம்பிரிட்ஜ்காரன் நடத்துத ஐ.ஜி.சி.எஸ்.இ.ய, பதிவு பெத்த மையத்துல தனி ஆளாப் போயி எழுதலாம். பெரிய ஊருலதான் மையம் இருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாத் துட்டு. நம்ம ஊரு காலேசுல சேரணும்னா, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்ன எதிர்பாக்குதோ அந்தப் பாடமும் அந்தக் கிரேடும் இருக்கணும். பாடத்தத் தெரிஞ்செடுக்கிறதுக்கு முன்னாலயே அதப் பாத்துரணும். துட்டக் கட்டிட்டுக் கடேசியில, "இது சமமில்ல"ன்னு ஒருத்தன் சொன்னா, அந்தத் துட்டுக்கு ஒரு எருமை வாங்கியிருக்கலாமேன்னு எனக்குத் தோணும். உனக்கும் தோணும்.

நாலாவது வழிய கடேசியாச் சொல்லுதேன். அதுக்கு முன்ன, நீ விழப்போற மூணு குழியக் காட்டிருதேன்.

மொதக் குழி. "மாமா, எங்கள மாதிரி எட்டுக் குடும்பம் இருக்கோம். ஒரு வீட்ட வாடகைக்கு எடுத்து, புள்ளைகள ஒண்ணா வச்சு, ஆளுக்கொரு பாடம் சொல்லிக் குடுக்கலாம்னு இருக்கோம்"ன்ன. ரொம்பச் சரி. அதுக்கு ஒரு பேரு வைப்பிய. போர்டு மாட்டுவிய. துட்டு வாங்குவிய. சோத்துக்கு ஒரு ஆயா, வேனுக்கு ஒரு டிரைவரு. மருமவனே, அதுக்குப் பேருதாம்லே பள்ளிக்கூடம்! அங்கீகாரம் இல்லாம பள்ளிக்கூடம் நடத்தினா 18வது பிரிவு. ஒரு லட்சம் ரூவா வரைக்கும் அபராதம். சொன்ன பொறவும் நடத்தினா, நாளொண்ணுக்கு 10,000 வரைக்கும். அப்பன் தன் புள்ளைய அனுப்பலைன்னா தண்டன எழுதாத அதே சட்டந்தான். அடுத்தவன் புள்ளையச் சேத்து வச்சா தராசோட வந்து நிக்கும். சாயங்காலம் சேந்து வெளையாடுங்க, ஞாயித்துக்கெழம மலை ஏறுங்க, யாரும் கேக்க மாட்டாவ. போர்டு மட்டும் மாட்டிராதிய.

ரெண்டாவது குழி. "பேரு ஒரு பள்ளிக்கூடத்துல இருக்கட்டும், படிப்பு வீட்டுல நடக்கட்டும்"ன்னு ஒருத்தன் யோசன சொல்லுவான். டம்மி அட்மிசன். போகாத புள்ளைக்கு ஆஜர் போடுதது. மாட்டினா பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் போவும். வருகை பத்தலன்னு உன் புள்ளைக்குப் பரீட்ச போவும். சி.பி.எஸ்.இ. 75 சதவீதம் வருகை கேக்குது, சொல்லாமக் கொள்ளாம வந்து சோதனையும் போடுது. புள்ளைக்கு நேர்மையாக் கல்வி தரணும்னு ஆரம்பிச்சு, மொதப் பாடமே பொய்க் கையெழுத்தா?

மூணாவது குழி இன்னைக்குத் தோண்டினது. நம்ம சித்தப்பன் கொடைக்குப் போட்டிருக்க மிச்சர் கடையில, உன் பய தராசப் புடிச்சு, அம்பது ரூவாய்க்குச் சில்லறை எண்ணிக் குடுத்துக்கிட்டிருந்தான். நீ எவ்வளவு பெருமையா என்னயக் கூப்புட்டுக் காட்டின! "பாருங்க மாமா, இதுதான் நெசமான மேத்ஸ்." கணக்கு சரியாத்தான் போட்டான், நானும் பாத்தேன். ஆனா குழந்தைத் தொழிலாளர் சட்டத்த 2016ல திருத்தினப்ப, 14 வயசுக்குக் கீழ எந்த வேலையிலயும் வைக்கக் கூடாதுன்னுட்டாவ. சொந்தக் குடும்பத் தொழில்ல ஒத்தாச பண்ணலாம், அதுவும் பள்ளிக்கூட நேரம் போக, இல்லன்னா லீவு நாள்லதான். இப்பச் சொல்லு, உன் வீட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மணி எப்ப அடிக்கும்? லீவு என்னைக்கு? "வாழ்க்கையே பாடம் மாமா, நேரமே கெடையாது"ன்னு ராத்திரி பூரா சொன்னியே. நேரமே கெடையாதுன்னா, பள்ளிக்கூட நேரம் முடியவே இல்லைன்னு ஒரு இன்ஸ்பெக்டரு எழுதிருவாரு. அதனால நேர அட்டவணைன்னு ஒண்ணு எழுதி, செவுத்துல ஒட்டு. அதுப்படி நடக்குதியோ இல்லையோ, ஒட்டு.

இழப்புக் கணக்கு ஒண்ணு இருக்கு. அத எந்தக் குரூப்புலயும் போட மாட்டாவ. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில படிச்ச புள்ளைக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 2020ல இருந்து இருக்கு. அரசுப் பள்ளியில படிச்சிட்டு மேல படிக்கப் போற பொண்ணுக்குப் புதுமைப் பெண், பயலுக்குத் தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000 ரூவா. தமிழ் வழியில படிச்சவனுக்கு அரசு வேலையில 20 சதவீதம். இதுக்கெல்லாம், "இவன் எங்கிட்ட படிச்சான்"னு பள்ளிக்கூடம் சான்று குடுக்கணும். உன் வீட்டு ஹாலு சான்று குடுக்காது. பொறியியல் கலந்தாய்வுக்குப் போனா, எட்டுல இருந்து பன்னெண்டு வரை இங்கனயே படிச்சவன்கிட்ட இருப்பிடச் சான்று கேக்க மாட்டாவ. உன் பயகிட்டக் கேப்பாவ. அதுக்குத் தாசில்தார் ஆபீசு. புங்கமரம் இன்னும் நிக்குது. எனக்குப் பதிலா இப்ப என் சிஷ்யன் ஒக்காந்திருக்கான். என் பேரச் சொல்லு. கூட அம்பது ரூவா வாங்குவான்.

இதெல்லாம் போவட்டும். ஏன் நிப்பாட்டினிய? அதச் சொல்லு.

பள்ளிக்கூடத்துல வாத்தியாரு அடிச்சாருன்னு தாயி மெதுவாச் சொல்லுதா. அதான் காரணம்னா, அதுக்கு ஓடி வர வேண்டாமே. கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவுல அடிக்கக் கூடாது, மனசு நோகப் பேசக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு. தேதி, நேரம், என்ன நடந்தது, யாரு பாத்தது. நானே எழுதித் தாரேன், துட்டு வேண்டாம். அடிச்சவன் உள்ள இருக்க, அடி வாங்கினவன் வெளிய வாரது எந்த ஊரு ஞாயம்? ரேங்கு வரலைன்னு நிப்பாட்டியிருந்தா, ஏழு வயசுல ரேங்கு கேட்டது யாருன்னு கண்ணாடியப் பாத்துக்கோ. அதெல்லாம் இல்ல, நெசமாவே வீட்டுல இதவிட நல்லாச் சொல்லிக் குடுப்போம்னா, அது பெரிய காரணம். நான் மறுக்கல.

ஆனா யாரு சொல்லிக் குடுக்கப் போறது? நீ பதில் சொல்லல, கண்ணால தாயியக் காட்டுத. அவ காலையில எட்டுக்கு உக்காந்தா ராத்திரி எட்டு வரைக்கும் காதுல வயர மாட்டிக்கிட்டு அமெரிக்காக்காரன்கிட்டப் பேசுதா. இந்தா, இப்பக்கூட மடியில லேப்டாப்பு சூடா இருக்கு. சட்டத்துல அப்பன்னோ அம்மைன்னோ பிரிச்சு எழுதல, பெற்றோருன்னுதான் எழுதியிருக்கு. அரசியல் சட்டம் 51ஏ-ல கடமைப் பட்டியல்ல கடேசியாச் சேத்ததே அதுதான்: 6 வயசுல இருந்து 14 வரைக்கும் புள்ளைக்குக் கல்விக்கான வாய்ப்பக் குடுக்கணும், பெத்தவன் கடமை. நேர அட்டவணை எழுதும்போது, ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் உன் பேரு வருதுன்னு எண்ணிப் பாரு. பூஜ்யம்னு வந்தா அது வீட்டுப் பள்ளிக்கூடம் இல்ல, அம்மைக்கு ஓவர் டைம்.

கடேசி வழிக்கு வந்துட்டேன். திரும்பிப் போற வழி. ஆறு மாசமோ ரெண்டு வருசமோ கழிச்சு, "போதும்"னு தோணினா, வெக்கப்படாம கூட்டிட்டுப் போ. கல்வி உரிமைச் சட்டம் 4வது பிரிவுப்படி அவன் வயசுக்கு எந்த வகுப்போ அந்த வகுப்புல சேத்துக்கணும். பின்தங்கியிருந்தா தனிப் பயிற்சி குடுக்கணும். 13வது பிரிவுப்படி சேக்கும்போது பரீட்ச வைக்கக் கூடாது. 14வது பிரிவுப்படி வயசுச் சான்று இல்லைன்னு திருப்பி அனுப்பக் கூடாது. 15வது பிரிவு, வருசத்துல எந்த மாசம் போனாலும் இல்லைன்னு சொல்லக் கூடாதுங்கு. இந்த ஊரு சட்டம் உனக்குப் போக வழி எழுதல. ஆனா திரும்பி வர நாலு கதவத் தெறந்து வச்சிருக்கு. 14 வயசு வரைக்குந்தான் அந்தக் கதவு. பொறவு சாத்திரும், ஞாபகம் வச்சுக்கோ.

ராத்திரி முச்சூடும் நீங்க ரெண்டு பேரும் "எங்க உரிமை, எங்க உரிமை"ன்னிய. நான் காயிதத்துல தேடிப் பாத்துட்டேன் மருமவனே. 21ஏ-ல உரிமை இருக்கு, பயலுக்கு. 10ல கடமை இருக்கு, உனக்கு. உன் பேருக்கு உரிமைன்னு அதுல ஒரு வரியும் இல்ல. உரிமைக்காரன்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?

நான் கேட்டேன். தொட்டியில இருந்து தூக்கி, தொடச்சு விடும்போது. "பள்ளிக்கூடம் போணும்னு இருக்கா, வீட்டுல இருக்கணும்னு இருக்கா?" கொஞ்ச நேரம் யோசிச்சான். "கணக்கு அம்மா நல்லாச் சொல்லித் தாரா தாத்தா. ஆனா கபடிக்கு ஆளு பத்தல"ன்னான்.

ஒரு பக்கத்துக்கு ஏழு பேரு வேணும். உன் வீட்டுல இருக்கது மூணு. திங்கக்கெழம மொத பஸ்ஸு 6:10க்கு. போனதும் டி.சி.ய வாங்கு, நோட்டுப் போடு, நேர அட்டவணைய ஒட்டு. சாயங்காலம் பதினோரு புள்ளைகளத் தேடு.